அவன் என்னும் சொல்லும் நிரல்மொழிச் செந்தரமும்

நிரல்மொழி ஒன்றின் இலக்கணம் இயந்திரத்தின் இயல்பிலிருந்து தானாகப் பிறப்பதன்று. எந்தச் சொல் செல்லும், எது செல்லாது, எந்தக் குறி எங்கே நிற்கலாம் என்பனவெல்லாம் மனிதர் கூடி, எழுதி, வாதிட்டு, சிலவற்றை ஏற்றும் சிலவற்றைத் தள்ளியும் எட்டிய உடன்பாடுகள். அந்த உடன்பாட்டின் எழுத்து வடிவமே செந்தரம். வகுத்து முடிந்த பின் அது இயற்கை விதிபோலத் தோன்றுகிறது. வகுப்பறையில் அவ்வாறே கற்பிக்கவும் படுகிறது. இதனால் ஒரு முதன்மையான வினா கேட்கப்படாமலே போய்விடுகிறது: அந்த உடன்பாடு எட்டப்பட்ட அவையில் யார் இருந்தார்கள், யார் இல்லை?

இவ்வினாவின் பொருளை ஒரு சிறு சொல்லைக் கொண்டே விளக்கலாம். பாலக்காட்டு எல்லையிலுள்ள கோபாலபுரம் போன்ற ஊர்களில் தமிழும் மலையாளமும் அன்றாடம் அருகருகே புழங்குகின்றன. ‘அவன்’ என்னும் சொல் இரு மொழிக்கும் பொது. கூகுள் நிறுவனத்தில் உருவாகி 2009இல் வெளிவந்த ‘கோ’ நிரல்மொழியில் இச்சொல்லை ஒரு மாறியின் பெயராக மலையாள எழுத்தில் இட்டால் தொகுப்பி அதனை ஏற்றுக்கொள்ளும். தமிழ் எழுத்தில் இட்டால் பிழையென்று நிறுத்திவிடும். பொருளும் ஒலிப்பும் ஏறத்தாழ ஒன்றே. முடிவு மட்டும் வேறு.

காரணம் நுட்பமானது, எனினும் புரிந்துகொள்ளக் கடினமானதன்று. ஒருங்குறி ஒவ்வொரு குறியீட்டுக்கும் எண்ணோடு ஒரு வகையையும் தருகிறது: இது எழுத்து, இது இலக்கம், இது தனித்து நில்லாது எழுத்தோடு ஒட்டி வரும் குறி என்று. கோ மொழியின் விதிப்படி, அடிக்கோட்டை நீக்கினால், ஒரு குறிப்பெயரில் எழுத்து என்றும் இலக்கம் என்றும் வகைப்படுத்தப்பட்டவை மட்டுமே வரலாம். தமிழில் ‘அவன்’ என்பது அகரம், வகரம், னகரம், புள்ளி என்று நான்கு குறியீடுகள். புள்ளி ஒட்டுக்குறி வகையைச் சேர்ந்தது, ஆகவே தள்ளுபடி. மலையாளத்திலோ ஈற்றிலுள்ள னகரம் சில்லெழுத்து. 2008 ஏப்ரலில் வெளிவந்த ஒருங்குறி 5.1 ஆறு சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடும் ‘எழுத்து’ என்னும் வகையும் அளித்தது. எனவே மலையாள ‘அவன்’ முழுவதும் எழுத்துகளால் ஆனதாகி விதியைக் கடந்துவிடுகிறது.

உயிர்க்குறி வரும் மலையாளச் சொற்களும் கோ மொழியில் தள்ளப்படவே செய்யும். அம்மொழிக்கு ஏதோ முழுச் சலுகை கிடைத்துவிட்டதாகக் கொள்ளலாகாது. ஆயினும் தமிழின் நிலை கணக்கிட்டுப் பார்க்கத் தக்கது. 247 எழுத்துகளுள் உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய உயிர்மெய் 18 ஆக 31 மட்டுமே அவ்விதியின்படி செல்லும். மெய்யெழுத்துகள் 18, ஏனைய உயிர்மெய்கள் 198 ஆக 216 எழுத்துகள் செல்லா. ‘பல’ என்று பெயரிடலாம். ‘சில’ என்று பெயரிடவியலாது. இதன்மேல் இன்னொரு விதியும் உண்டு. ஒரு தொகுதியில் வரையறுத்த பெயர் பிற தொகுதிகளுக்குத் தெரிய வேண்டுமாயின் அது பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடே தமிழில் இல்லை, மலையாளத்திலும் இல்லை. ஆகவே செல்லுபடியாகும் அந்த ‘பல’வும் தன் தொகுதிக்கு வெளியே செல்லாது.

இதில் வன்மம் எதுவும் இல்லை. ஒட்டுக்குறிகளை விலக்கியதால் தேவநாகரி போன்றவை விலக்கப்படுகின்றன என்பதைக் கோ மொழியின் விளக்கப் பக்கங்களே ஒப்புக்கொள்கின்றன. விதி எளிமையாக இருக்க வேண்டும் என்பது வடிவமைத்தோரின் நோக்கம். எளிமை யாருக்கு என்பதே எஞ்சும் வினா. ஆங்கிலத்தையும் சீனத்தையும் மனத்திற்கொண்டு பார்த்தால் அவ்விதி எளியது. மெய்யும் உயிரும் கூடி எழுத்தாகும் மொழிகளைப் பொறுத்தவரை அது கதவடைப்பு. அம்மொழிகளைச் சேர்ந்தோர் விதி வகுக்கப்பட்டபோதே வலுவான சான்றுகளோடு அவையில் இருந்திருப்பின் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

இது வெறும் ஊகமன்று என்பதற்கு சி மொழியின் வரலாறு சான்று. 1972 அளவில் டெனிஸ் ரிட்சி உருவாக்கிய அம்மொழிக்கு 1983இல் அமெரிக்கத் தேசியச் செந்தர நிறுவனம் ஒரு குழுவை அமைத்தது. 1989இல் அமெரிக்கச் செந்தரமும், 1990இல் அதனையொட்டிய பன்னாட்டுச் செந்தரமும் வெளிவந்தன. அந்நாளில் டென்மார்க்கின் 7 பிட்டுக் குறியேற்றத்தில் சதுர அடைப்புக்கும் நெளி அடைப்புக்கும் உரிய இடங்களில் அம்மொழியின் சிறப்பு உயிரெழுத்துகள் அமர்ந்திருந்தன. சி மொழியோ அடைப்புக்குறி இன்றி ஒரு வரியும் நகராது. இச்சிக்கலுக்கு விடையாக, இரண்டு வினாக்குறியோடு மற்றொரு குறி சேர்ந்த ஒன்பது மாற்று வடிவங்கள் செந்தரத்தில் இடம்பெற்றன. அவை அழகற்றவை, பலராலும் வெறுக்கப்பட்டவை. சி++ மொழியிலிருந்து 2017ஆம் ஆண்டுச் செந்தரத்தில் நீக்கவும் பட்டன. எனினும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகெங்குமுள்ள தொகுப்பிகள் சிறு நாடுகளின் விசைப்பலகைக்காக அவ்வடிவங்களைச் சுமந்தன. ஒரு மொழியைப் பேசுவோரின் எண்ணிக்கை செந்தரத்தைத் தீர்மானிப்பதில்லை. அவர்தம் சிக்கல் அவையில் எழுத்து வடிவில் வைக்கப்பட்டதா என்பதே தீர்மானிக்கிறது.

பைத்தான் மொழி இதற்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. அதற்குப் பன்னாட்டுச் செந்தர நிறுவனத்தின் முத்திரை இல்லை. மாற்றங்கள் எண்ணிடப்பட்ட முன்மொழிவுகளாக எழுதப்பட்டு, பொதுவில் விவாதிக்கப்பட்டு, ஏற்கவோ மறுக்கவோ படுகின்றன. மறுக்கப்பட்டவையும் அழிக்கப்படுவதில்லை, காரணத்தோடு பதிவில் நிற்கின்றன. ஆங்கிலமல்லாத எழுத்துகளில் குறிப்பெயர் இடலாம் என்பது 3131 என்னும் எண்ணுடைய முன்மொழிவு. மார்ட்டின் ஃபான் லோவிஸ் எழுதிய அது 2007இல் ஏற்கப்பட்டு, 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3.0இல் நடைமுறைக்கு வந்தது. பிறர் எழுதிய நிரலைப் படிக்க இயலாமற்போகும் என்ற எதிர்ப்பும் எழுந்தது. அவ்வெதிர்ப்பும் அதற்கான விடையும் முன்மொழிவிலேயே இடம்பெற்றன. ஒட்டுக்குறிகள் பெயரின் தொடக்கத்தில் வரலாகா, இடையிலும் ஈற்றிலும் வரலாம் என்ற ஒருங்குறியின் பரிந்துரையை அது பின்பற்றியது. அதனால் இன்று பைத்தானில் ‘அவன்’ செல்லும். 247 எழுத்துகளும் செல்லும்.

2018இல் ஒரு சிறு இலக்கண மாற்றம் பற்றிய கடும் வாதத்துக்குப் பின் பைத்தானை உருவாக்கிய கைடோ ஃபான் ராசம் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார். அதன்பின் எவ்வாறு முடிவெடுப்பது என்பதும் முன்மொழிவுகளாகவே எழுதப்பட்டு வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஐவர் கொண்ட வழிநடத்தும் குழு 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒரு சமூகம் தன் மொழிக்கு விதி வகுப்பதோடு, விதி வகுக்கும் முறைக்கும் விதி வகுத்துக்கொண்டது. இந்த ஒழுங்கு தமிழ்ப் புலமை மரபுக்கு அயலானதன்று. நூல் செய்வோர் மேற்கொள்ளும் ஏழு வகை நெறிகளுள் பிறர் கருத்துக்கு உடன்படுவதையும், அதனை மறுப்பதையும், முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைவதையும் நன்னூல் எண்ணுகிறது. உரையாசிரியர்கள் மாற்றுக் கருத்தை எடுத்துக் கூறி, ஏன் பொருந்தாது என்று நிறுவிய பின்னரே தம் கருத்தை நிலைநாட்டினர். இன்றைய முன்மொழிவு ஒன்றில் ‘தள்ளப்பட்ட கருத்துகள்’ என்னும் பகுதி செய்யும் பணி அதுவே.

அவ்வாறாயின் தமிழ்ச் சமூகம் இவ்வகைப் பணியில் இறங்கியதே இல்லையா? இறங்கியது, சிறப்பாகவும் செய்தது. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்து, எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபட்டிருந்த குறியேற்றக் குழப்பத்தைத் தீர்க்கப் பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சல் வழியே கூடினர். சுவிட்சர்லாந்தின் கு. கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் உள்ளிட்ட தன்னார்வலர் பலரின் உழைப்பால் ‘திஸ்கி’ என்னும் 8 பிட்டுக் குறியேற்றம் உருவாயிற்று. வரைவு எழுதப்பட்டது, எழுத்துருக்கள் செய்து சோதிக்கப்பட்டன, குறை கண்டு திருத்தப்பட்ட பதிப்புகள் 1.6, 1.7 என எண்ணிட்டு வெளிவந்தன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் தொடக்ககால மின்னூல்களை அக்குறியேற்றத்தில் வெளியிட்டு, அது வாழும் என்பதை மெய்ப்பித்தது. எந்த அரசாணையும் இன்றி, பயன்படுத்துவோரின் உடன்பாட்டால் மட்டும் நின்ற செந்தரம் அது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் விளைவாகத் ‘தமிழ்99’ விசைப்பலகையும் ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியேற்றங்களும் அரசின் ஏற்பைப் பெற்றன. விசைப்பலகை இன்றும் வாழ்கிறது, குறியேற்றங்கள் வழக்கொழிந்தன. திஸ்கியும் அவ்வாறே பின்னுக்குச் சென்றது. இயங்குதளங்கள் அனைத்தும் ஒருங்குறியைத் தழுவியமையே காரணம். அவ்வொருங்குறியில் தமிழுக்கான அடுக்கோ 1991இல் வெளியான முதற்பதிப்பிலேயே முடிவாகிவிட்டது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே அச்சாக 1988இல் வகுக்கப்பட்ட ‘இஸ்கி’ குறியேற்றத்தை அது பின்பற்றியது. தேவநாகரியின் வரிசையில் தமிழுக்கு இல்லாத எழுத்துகளின் இடங்கள் வெறுமையாக விடப்பட்டன. மெய்யை அடிப்படையாகக் கொண்டு அதன்மேல் உயிர் ஏறுவதாகக் கூறும் தொல்காப்பிய நெறிக்கு மாறாக, அகரமேறிய ககரமே அடிப்படையாகவும், ‘க்’ என்பது அதிலிருந்து புள்ளியால் பெறப்படுவதாகவும் அமைந்தது. ஒருமுறை குறியேற்றிய எழுத்தை இடம்மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் உறுதியான கொள்கை. திஸ்கிக்காகக் கூடிய உழைப்பு பத்தாண்டு முன்னதாகக் கூடியிருப்பின் எந்த அவையில் என்ன பேசியிருக்கும் என்று எண்ணாமல் இருக்கவியலாது.

காலம் கடந்த பின் கையாளப்பட்ட வழி அரசாணை. 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு ‘தேஸ்16’ என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் செந்தரமாக அறிவித்தது. ஒவ்வொரு மெய்க்கும் உயிர்மெய்க்கும் தனிக் குறியீடு தரும் அதன் அமைப்பு தமிழிலக்கணத்தோடு நன்கு பொருந்துவது. வரிசைப்படுத்தலுக்கும் சொற்பகுப்புக்கும் எளியது. ஆனால் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. அப்பகுதிக் குறியீடுகளுக்கு ‘எழுத்து’ என்னும் வகை கிடையாது. ஆகவே தேஸ்16இல் எழுதிய ‘அவன்’ கோ மொழியில் மட்டுமன்று, ஒருங்குறித் தமிழை ஏற்கும் பைத்தானிலும் செல்லாது. இலக்கணத்தால் செம்மையான தீர்வு, உலகச் செந்தரச் சங்கிலியில் கோக்கப்படாமையால் நிரல்மொழியின் வாயிலிலேயே நின்றுவிடுகிறது. அரசாணை ஓர் அலுவலகத்தின் கணினியைக் கட்டுப்படுத்தலாம். தொகுப்பி எழுதுவோரைக் கட்டுப்படுத்தாது.

எல்லைக்கு அப்பாலுள்ள மலையாளத்தின் அனுபவம் இதனை இன்னும் தெளிவாக்கும். 2002இல் தொடங்கிய சுதந்திர மலையாளக் கணிமை என்னும் தன்னார்வ அமைப்பு எழுத்துரு, இடைமுக மொழிபெயர்ப்பு, சொல்திருத்தி எனப் பல பணிகளைச் செய்துவந்தது. சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடு தேவையா என்ற வாதத்தில் அவ்வமைப்பினர் தேவையில்லை என்னும் தரப்பில் நின்றனர். மெய், சந்திரக்கலை, கண்ணுக்குத் தோன்றா இணைப்பி என மூன்று குறியீடுகளால் எழுதும் பழைய முறையே போதும் என்றும், புதியதைச் சேர்த்தால் ஒரே சொல்லுக்கு இரு எழுத்துமுறை உண்டாகும் என்றும் எச்சரித்தனர். எச்சரிக்கை மெய்யாயிற்று. இரு முறைகளும் இன்றுவரை உடன்வாழ்கின்றன; ஒருங்குறி அவற்றை நிகரானவையாகக் கொள்வதில்லை. ஆயினும் எதிர்த்தவர் தோற்று, புதிய முறை வென்றதன் பயனாகவே கோ மொழியில் மலையாள ‘அவன்’ செல்கிறது. பழைய முறையில் எழுதினால் கோவும் தள்ளும். தோன்றா இணைப்பியை ஏற்காத பைத்தானும் தள்ளும். ஒரு செந்தரத்தின் விளைவு அது வகுக்கப்பட்ட இடத்தோடு நிற்பதில்லை என்பதே இதிலிருந்து பெறப்படுவது. எழுத்துக்கு எடுத்த முடிவு குறிப்பெயருக்கும், தேடலுக்கும், தரவுத்தளத்துக்கும் பாய்கிறது. எனவே அவையில் தொடர்ந்து இருப்பவரே பயன்பெறுவர். ஒருநாள் வந்து கண்டனம் தெரிவித்துத் திரும்புபவர் பெறுவதில்லை.

தமிழுக்குள்ளேயே தீராத கேள்விகள் பல உள்ளன. ‘கொடை’ என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் இடலாம். இரண்டும் நிகரென்பது ஒருங்குறியின் முடிவு. பைத்தானும் ரஸ்ட்டும் குறிப்பெயர்களை இயல்பாக்கம் செய்து இரண்டையும் ஒன்றாகவே கொள்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் அவ்வாறு செய்வதில்லை. அங்கே கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரு ‘கொடை’ இரண்டு வெவ்வேறு மாறிகள். ‘ஸ்ரீ’ என்பதன் நிலை இன்னும் இக்கட்டானது. அதனை ஸகர மெய்யோடும் எழுதலாம். 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகர மெய்யோடும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவில் தோன்றும். எந்த இயல்பாக்கமும் அவற்றை ஒன்றாக்காது. வாக்காளர் பட்டியலிலோ மதிப்பெண் பட்டியலிலோ ‘ஸ்ரீ’யில் தொடங்கும் பெயரைத் தேடிக் கிடைக்காதவர்க்கு இது கோட்பாட்டுச் சிக்கலன்று. ஔகாரக் குறியின் வலக்கூறு ளகரம்போலவே இருப்பதால் ‘கௌரி’ என்பதைக் ககரம், எகரக் குறி, ளகரம் என்று தட்டச்சுவோரும் உளர். தமிழ் எண் ஒன்று ககரத்தையும், இரண்டு உகரத்தையும், ஏழு எகரத்தையும், எட்டு அகரத்தையும் ஒத்திருக்கின்றன. குறிப்பெயரில் எது எழுத்து, எது எண் என்று கண்ணால் பிரித்தறிய வழியில்லை. இவற்றை எவ்வாறு கையாள வேண்டும் என்று அயல்நாட்டுத் தொகுப்பி வல்லுநர் கேட்டால், தமிழறிஞரும் கணினி அறிஞரும் சேர்ந்து ஒப்பமிட்ட ஓர் ஆவணத்தை எடுத்து நீட்ட வேண்டும்.

கலைச்சொல்லிலும் இதே குறை. தமிழிலேயே நிரல் எழுதுவதற்காக முத்து அண்ணாமலை உருவாக்கி, 2009இல் ஆய்வுக் கட்டுரையாக விளக்கிய ‘எழில்’ மொழி ஓர் அரிய முயற்சி. ஆங்கிலச் சிறப்புச்சொற்களைத் தமிழாக்கியதோடு அது நிற்கவில்லை. நிபந்தனையை முதலிலும் ‘ஆனால்’ என்பதனைப் பின்னும் வைத்துத் தமிழ்த் தொடரமைப்பையே இலக்கணமாக்கியது. ஆனால் ‘ஆனால்’ என்னும் சொல் இன்றைய வழக்கில் எதிர்மறை இணைப்பாகவும் வருகிறது. கற்கும் மாணவர்க்கு அது தடையா துணையா என்பதை வகுப்பறையில் சோதித்தே அறியலாம். எழில் ‘நிரல்பாகம்’ என்பதனைத் தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூல் ‘செயற்கூறு’ என்கிறது. கணிதப் பாடநூல் அதற்கு இணையான கருத்தைச் ‘சார்பு’ என்கிறது. தமிழ்நாட்டில் ‘கணினி’, இலங்கையில் ‘கணனி’. ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் உண்டு. காரணங்களை ஒரே இடத்தில் வைத்து எடைபோட்டு, ஒன்றைத் தேர்ந்து, தள்ளியவற்றையும் ஏன் தள்ளினோம் என்பதையும் பதிவிடும் முறைதான் இன்னும் நிலைபெறவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். உலக நிரலர் அனைவரும் ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். தமிழில் பெயரிட்டு ஆவதென்ன? மறுப்பில் உண்மை உண்டு. பைத்தானின் நடை வழிகாட்டியே அதன் பொது நூலகத்தில் ஆங்கிலப் பெயர்களையே வேண்டுகிறது. பலநாட்டார் கூடிச் செய்யும் பணிக்கு அது நியாயமானது. ஆயினும் எல்லா நிரலும் உலகுக்காக எழுதப்படுவதில்லை. பட்டா, சிட்டா, அடங்கல், புறம்போக்கு, குத்தகை ஆகியவற்றைக் கையாளும் நிரலில் அச்சொற்களுக்கு நேரான ஆங்கிலம் இல்லை. அவற்றை ரோமன் எழுத்தில் எழுதும் நிரலர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகின்றனர். ழகரம் ஒருவர்க்கு ஒன்றாகவும் இன்னொருவர்க்கு வேறாகவும் ஆகிறது. குறிலும் நெடிலும் கலக்கின்றன. பிழை அங்கே பிறக்கிறது. யாப்பு, தொடை, அசை, சீர் ஆகியவற்றை ஆராயும் தமிழியல் நிரல்களுக்கும் இது பொருந்தும். மேலும், குறிப்பெயரில் தமிழை ஏற்காத மொழியும், ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லின் நீளத்தை ஐந்து என்று எண்ணும் மொழியும் ஒரே மனநிலையின் இரு வெளிப்பாடுகள். பைத்தான் ஐந்து என்கிறது. ஸ்விஃப்ட் மூன்று என்கிறது. இரண்டும் தத்தம் செந்தரப்படி சரியே. எழுத்து என்பது எது என்ற வினாவுக்கு விடையைத் தேர்வது செந்தரம்; அத்தேர்வில் தமிழுக்குச் சொல்ல வேண்டியது நிறைய உண்டு.

இதன் சுமை முதலில் விழுவது விளிம்பிலுள்ளோர் மேல். சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழ்வழி பயிலும் மாணவர் மலையாள மாநிலத்தில் தமிழராகவும், ஆங்கிலக் கணினியின்முன் மீண்டும் ஒருமுறை சிறுபான்மையராகவும் அமர்கின்றனர். கேரளப் பள்ளிகள் 2001இல் தொடங்கிய கல்வித் தொழில்நுட்பத் திட்டத்தின் வழியே கட்டற்ற மென்பொருளைப் பரவலாக்கியவை. உயர்நிலை வகுப்புகளில் பைத்தானும் அறிமுகமாகிறது. மென்பொருள் கட்டற்றது, அதன் முன்மொழிவு அவையும் திறந்தது. அம்மாணவர் தம் முதல் நிரலில் ‘மதிப்பெண்’ என்று மாறிக்குப் பெயரிட்டுப் பொருளைப் பிடித்துக்கொள்ளலாம். பின்னர் ஆங்கிலத்துக்குச் செல்லலாம். அவ்வாறு பெயரிடலாம் என்பதே பல ஆசிரியர்க்குச் சொல்லப்படவில்லை.

செய்யத்தக்கவை பெருஞ்செலவை வேண்டுவனவல்ல. முதலாவது, குறிப்பெயரில் தமிழைக் கையாளும் நெறிகளைக் கூறும் ஓர் ஆவணம்: எந்த இயல்பாக்க வடிவம், ‘ஸ்ரீ’க்கு எந்த வரிசை, தமிழ் எண்களை எழுத்தோடு கலக்கலாமா, உருமயக்கம் தரும் இணைகள் எவை என்பன. இரண்டாவது, 247 எழுத்துகளையும் கிரந்த எழுத்துகளையும் மேற்சொன்ன சிக்கல் வரிசைகளையும் ஒவ்வொரு நிரல்மொழியிலும் இட்டுப் பார்க்கும் ஒரு சோதனைத் தொகுப்பு. தமிழ் எழுத்துகளைப் பிரித்தெண்ணும் ‘ஓப்பன் தமிழ்’ போன்ற நூலகங்கள் ஏற்கெனவே உள்ளமையால் தொடக்கப்புள்ளி இருக்கிறது. முடிவுகளைப் பதிப்பு எண்ணோடு வெளியிட்டால், ‘தமிழ் புறக்கணிக்கப்படுகிறது’ என்னும் பொதுப்புகார் ‘இந்தப் பதிப்பில் இந்த வரி பிழைபடுகிறது’ என்னும் சான்றாக மாறும். தொகுப்பி எழுதுவோர் புகாருக்கு விடையிறுப்பதில்லை, சான்றுக்கு விடையிறுப்பர். மூன்றாவது, கலைச்சொற்களுக்குக் காரணங்களோடு கூடிய பொதுப்பதிவேடு. அதில் தமிழ்நாடும் இலங்கையும் சிங்கப்பூரும் மலேசியாவும் சம உரிமையோடு எழுத வேண்டும். 2000இல் தோன்றிய உத்தமம் போன்ற அமைப்பு அதற்கு இயல்பான களம்.

நான்காவது பல்கலைக்கழகங்களுக்குரியது. கட்டுரைகளின் எண்ணிக்கையை மட்டுமே ஆய்வாக மதிக்கும் நடைமுறையில், ஆறு திங்கள் உழைத்து ஒரு செந்தர முன்மொழிவு எழுதும் ஆய்வாளருக்குப் பயன் ஏதுமில்லை. பைத்தானில் மைய உருவாக்குநர் அல்லாதவர் முன்மொழிய, பொதுவாக அவர்களுள் ஒருவர் ஆதரவாளராக நிற்க வேண்டும். அந்நம்பிக்கையைப் பெறவே நெடிய பங்களிப்பு தேவை. பன்னாட்டுச் செந்தர நிறுவனத்தில் வாக்கு நாடுகளுக்குரியது. இந்தியாவின் குரல் இந்தியச் செந்தர அமைவனத்தின் வழியே செல்ல வேண்டும். இரண்டு வழியிலும் பொறுமையும் எழுத்துப்பணியும் வேண்டும். அப்பணியைப் பட்ட ஆய்வின் பகுதியாக ஏற்கும் ஒரு துறையேனும் உருவானால், தமிழிலக்கணம் அறிந்தவரும் தொகுப்பி அறிந்தவரும் ஒரே மேசையில் அமர்வர். இன்று அவர்கள் வெவ்வேறு கட்டடங்களில் இருக்கின்றனர்.

திஸ்கியின் ஆயுள் குறுகியது. அதனை உருவாக்கிய முறையின் ஆயுள் குறுகியதாக இருக்க வேண்டியதில்லை. கோ மொழியின் விதி மாறவும் கூடும், மாறாமலும் போகலாம். மாறும் நாளில், புள்ளி என்பது எழுத்தின் மேலுள்ள அலங்காரம் அன்று, அது இன்றேல் ‘அவன்’ ‘அவன’ ஆகிவிடும் என்பதைச் சோதனை வரிகளோடு எடுத்துக் காட்டுபவர் அவையில் இருக்க வேண்டும். அந்த இருக்கை இப்போது காலியாக உள்ளது. அதில் அமர எவருடைய அழைப்பும் தேவையில்லை.